கிள்ளி வந்த மணி பிளான்ட்

ரேடியோவில் கேட்ட கிரிக்கெட் ஸ்கோரை எழுதி ஒட்டும் நம் ஆபீஸ் பலகையில், இன்று இதையும் ஒட்டுகிறேன்.

மணி பிளான்ட்டைக் கேட்டு வாங்கினால் வளராது, திருடித்தான் வைக்க வேண்டும் என்பார்கள். போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவின் வாசலில் ஒரு கொடியைக் கிள்ளி வந்து, பாட்டில் தண்ணீரில் போட்டு ஜன்னலில் வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் பூனை அந்த ஜன்னலை விட்டு இறங்குவதில்லை.

இன்று காலை திருமங்கலம் பஸ் ஸ்டாப்பில் அந்த அக்கா நின்றிருந்தார்.

“உங்க வீட்ல பூனைச் சத்தமே காணோமேக்கா?” என்றேன்.

“மூணு வளத்தேன் தம்பி. மூணும் அந்த வாசக்கொடியக் கடிச்சுச்சுக. வாயில எச்சி ஒழுகிக்கிட்டே கெடந்துச்சுக, சோத்தத் தொடல. பெறகு ஒண்ணையும் காணோம்.”

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

“அந்தக் கொடிய எவனோ கிள்ளிட்டுப் போயிருக்கான்,” என்றார் என் முகத்தைப் பார்த்து. “அவன் வீட்ல பூனை இல்லாம இருக்கணும்.”

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். பூனையை உள்ளே விட்டுத்தான் வீட்டைப் பூட்டியிருக்கிறேன். ஐந்து மணிக்கு முன்னால் கிளம்ப முடியாது.

பூனை கடித்தாலும் ஒன்றும் ஆகாத செடி எது? தெரிந்தவர்கள் இந்தத் தாளின் கீழேயே எழுதுங்கள். சாயங்காலம் போகும்போது பூனை உயிரோடு இருந்தால், இந்த முறை கேட்டே வாங்கிக்கொள்கிறேன்.