வியர்க்காத கை

ஆய்வுக்கூடத்தில் அவரைக் கையுறை அக்கா என்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று போடுவார். பழைய எலும்பின் வயதை அறிய, அதில் பல லட்சம் கோடி கால்சியம் அணுக்களுக்கு நடுவே ஒன்றாக ஒளிந்திருக்கும் அரிய வகையைத் துகள்முடுக்கி எந்திரம் எண்ணும். அதற்கான எலும்புப்பொடியை உலோகத் துண்டின் சிறு குழியில் அழுத்தித் தருவது அக்காவின் வேலை. எதிரி, வியர்வை. அதிலுள்ள பொட்டாசியத்திலும் அதே எடையுள்ள அணு உண்டு, எந்திரம் ஏமாந்துவிடும்.

அன்று அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து பாதிப் பொடி பாழானது. மிச்சம் ஒரே ஒரு சிட்டிகை. எலும்பு இனி இல்லை. எந்திரத்தில் அக்காவின் குழுவுக்கு ஒதுக்கிய நேரமும் மதியத்தோடு முடிகிறது. இதுவும் போனால் நான்கு பேரின் மூன்று வருட உழைப்பு போச்சு. பயத்தில் வியர்த்தது, வியர்த்ததைக் கண்டு இன்னும் பயந்தார்.

எந்திரம் ஓட்டுபவன் கொட்டாவி விட்டபடி வந்தான். "என்னக்கா, மழையில நனைஞ்சீங்களா?"

"கையைக் காட்டு தம்பி."

சாக்பீஸ் மாதிரி உலர்ந்திருந்தது.

"உனக்குப் பயமே வராதா?"

"எதுக்குக்கா? என் எலும்பா அது?"

"அப்ப நீயே அழுத்துப்பா."

அவன் சீட்டியடித்தபடி கையுறை மாட்டினான். அக்கா வெளியே போய்க் கதவைச் சாத்தி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவ்வளவு கவலைப்படுகிறவர் அந்தப் பொடிக்குச் செய்யக்கூடிய ஒரே உதவி, பக்கத்தில் இல்லாமல் இருப்பது.