அவளிடம் மட்டும் சொன்ன பயம்

என் புருஷனுக்கு மூன்று வாய். சுங்க ஆபீஸில் துரைகளிடம் பிரெஞ்சு பேசும் வாய், பயந்த வாய். என்னிடம் தமிழ் பேசுவது அதிகார வாய்: "சோத்தப் போடு, கதவச் சாத்து." மூன்றாவதைச் சந்து முனையில் சூப் விற்றவளுக்காக வைத்திருந்தார். அவளிடம் வியட்நாம் பாஷையில் பேசும்போது சிரிப்பார், கையை ஆட்டுவார், பத்து வயது குறைந்துவிடும். எனக்கு வயிறு எரியும்.

"அவகிட்ட அப்படி என்னங்க சிரிப்பு?"

"சும்மா. அரிசி வெலயப் பத்தி."

"அரிசி வெல ஏறுனா சிரிப்பாங்களா?"

"கதவச் சாத்து" என்று எழுந்து போய்விடுவார்.

காரைக்காலிலிருந்து வந்து நான்கு வருஷமாகியும் சைகோனில் எனக்கு அந்த ஊர்ப் பாஷையில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. அவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காகவே அந்தப் பாஷையைப் படித்தேன். பென்தான் என்ற பெரிய சந்தையில் ஒரு மீன்காரிதான் வாத்தியார். பேரம் பேசவும் திட்டவும் முதலில் வந்தது. மற்றது மெதுவாக வந்தது.

அப்போது ஊருக்கு வெளியே பீரங்கிச் சத்தம் கேட்காத நாள் குறைவு. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டப்போகிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஒரு சாயங்காலம் சூப் வண்டிக்குப் பின்னால், சுவர் ஓரமாகப் போய் நின்றேன். கொஞ்சல் கேட்கும் என்றுதான் நின்றேன். அவர்கள் பேசியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்:

"ஆபீஸ மூடப்போறாங்க. வேல போயிடும். எனக்குப் பயமா இருக்கு," என்றார் அவர்.

"உனக்கு மட்டுமா? என் மகனப் பட்டாளத்துக்குப் புடிச்சிட்டுப் போய் மூணு மாசம் ஆச்சு," என்றாள் அவள். "வீட்டுல சொன்னியா?"

"இல்ல."

கொஞ்சியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. கொஞ்சலுக்குச் சண்டை போடலாம். பயத்தை அவளிடம் கொடுத்துவிட்டு எனக்கு வெறும் அதட்டலை வைத்திருந்தாரே, அதற்கு என்ன செய்வது?

சாப்பாடு போடும்போது கேட்டேன். "வேல போவுதாமே?"

அவர் கை தட்டிலேயே நின்றது. "யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. எனக்கில்ல, அவளுக்கு."

வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "தமிழ்ல பேச வாயெடுத்தா எங்கப்பா வந்து முன்னால நிக்கிறாரு, உங்கப்பா நிக்கிறாரு. பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது? அவ பாஷையில எனக்கு யாருமில்ல. கேக்க ஆளில்ல."

"அப்ப அதுலயே சொல்லுங்க. நானும் கேக்குறேன்."

சொன்னார். குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். பாதிதான் புரிந்தது. கப்பலேறிக் காரைக்காலுக்குப் போவதா, இங்கேயே வேறு வேலை தேடுவதா என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. அவளிடம் பேசும்போது இருந்த சிரிப்பு இதில் இல்லை. அதையும் கவனித்தேன்.

"போக வேண்டாம்," என்றேன், மீன்காரி பாஷையில். அவர் உச்சரிப்பைத் திருத்தினார்.

"அவளயும் இப்படித்தான் திருத்துவீங்களா?"

அப்போதுதான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையில்லாத புருஷனோடு காரைக்காலில் மாமியார் வீட்டு வாசலில் போய் நிற்க என்னால் முடியாது. அதனால்தான் இருப்போம் என்றேன். இருந்தால் அவள் இருக்கிற சந்திலேயேதான் இருக்க வேண்டும். அது தெரிந்துதான் சொன்னேன்.