முக்கால் அக்காவின் கடைசி அத்தியாயங்கள்

நூலகத்தின் இரண்டாவது மாடியில் இளையோர் பகுதியைப் பார்த்துக்கொள்பவளுக்குப் பதிவேட்டில் உள்ள பதவி உதவி நூலகர். அங்கே வரும் பிள்ளைகள் வைத்த பெயர் முக்கால் அக்கா. எந்த நாவலைப் பற்றிக் கேட்டாலும் முக்கால் கதையைச் சொல்லிவிடுவாள். அதையும் சும்மா சொல்வதில்லை. கண்ணை உருட்டி, மேஜையைத் தட்டி, பேய் வந்தால் பேயாகவும் வாத்தியார் வந்தால் வாத்தியாராகவும் மாறிச் சொல்வாள். கதாநாயகனின் கழுத்துக்குக் கத்தி வரும் இடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டு, தேதி முத்திரையை எடுத்து மையில் ஒற்றுவாள்.

"மீதி உள்ள இருக்கு. பதினாலு நாள்ல திருப்பிக் குடுத்துடணும்."

இந்த வித்தையால் ரேக்கில் தூங்கிக்கொண்டிருந்த நாவல்களுக்கெல்லாம் கால் முளைத்தது. புதிதாக வருகிற இளையோர் நாவல்களில் அவள் கை படாத வகை கிடையாது. துப்பறியும் கதை வேண்டுமா, 'பள்ளிக்கூட மணியைக் காணவில்லை' இருக்கிறது. பயந்து சாக ஆசையா, 'நான்காவது மாடி இல்லை' இருக்கிறது. மூன்று மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் நான்காவது மாடியில் போய் நிற்கிற கதை. வேற்றுக் கிரகத்துக்குப் போனாலும் விடாமல் துரத்தும் கணக்கு டீச்சரைப் பற்றி 'செவ்வாயில் வீட்டுப்பாடம்'. பேச்சுப் போட்டியில் எதிரெதிர் அணியில் நின்றவர்கள் பேசாமலே காதலிக்கிற கதை ஒன்றும் உண்டு. அதைப் பெற்றோர் கண்ணில் படாமல் அகராதிக்குப் பின்னால் வைத்திருந்தாள். அதனால் அகராதி எடுக்க வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை திடீரென்று கூடியது.

பிள்ளைகளால் அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. கூட வருகிற பெரியவர்கள்தான் தலைவலி. ஒரு அம்மா ஒருநாள் வந்து, "பேய் வேணாம், காதல் வேணாம், சண்டை வேணாம். படிச்சா மார்க் ஏறணும். அப்படி ஒரு நல்ல நாவலா குடுங்க" என்றாள். முக்கால் அக்கா முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் போன வருஷத்துத் தொலைபேசி விவரத் தொகுப்பை எடுத்து நீட்டினாள். அந்த அம்மா அதையும் நான்கு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டாள்.

இவ்வளவு கெட்டிக்காரியிடம் ஒரு ரகசியம் இருந்தது. பதினோரு வருஷமாக அவள் எந்த நாவலின் கடைசி அத்தியாயத்தையும் படித்ததில்லை.

காரணம் அவளுடைய வாய்தான். முக்கால் அக்காவுக்கு ஓட்டை வாய். காதில் விழுந்தது அரைமணி நேரம் உள்ளே தங்கினால் அதிசயம். தங்கை உண்டான செய்தியை ஏழாம் மாசம்தான் அவளிடம் சொன்னார்கள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை என்பதால் சொன்னார்கள். தையல் மெஷின் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர், "உன்கிட்ட சொல்றதும் மைக்ல சொல்றதும் ஒண்ணுதான்" என்பார். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு துப்பறியும் நாவலைப் பரிந்துரைக்கும்போது, கொலை செய்தது தோட்டக்காரர்தான் என்று அவளே உளறிவிட்டாள். அந்தப் புத்தகத்தை நான்கு மாதம் ஒருவரும் தொடவில்லை. அன்றைக்கு எடுத்த முடிவுதான் இது. தெரிந்தால்தானே உளறுவாள்? எந்த நாவலைக் கையில் எடுத்தாலும் முதல் வேலையாகக் கடைசி அத்தியாயத்தைத் துணி கிளிப் போட்டுக் கவ்வவைத்துவிட்டுத்தான் முதல் பக்கத்தைப் பிரிப்பாள்.

இப்படியே ஓய்வு பெறும்வரை ஓட்டியிருப்பாள். அதற்குள் குதிரைவால் வந்தாள்.

குதிரைவால் ஒன்பதாம் வகுப்பு. தினமும் பள்ளி விட்டதும் வந்து, அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அழைத்துப் போகும்வரை ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருப்பாள். அவள் அண்ணனுக்குப் பதினேழு வயது. நெஞ்சில் ஆபரேஷனுக்காகப் படுக்கையில் காத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அவள் கவுண்டருக்கு வந்து, "யாரும் சாகாத கதையா ஒண்ணு குடுங்கக்கா. அண்ணனுக்குப் படிச்சுக் காட்டணும்" என்றாள்.

முக்கால் அக்கா யோசிக்கவே இல்லை. 'கோல்கீப்பருக்குத் தூக்கம் வருகிறது' என்ற விளையாட்டு நாவலை எடுத்து நீட்டினாள். மைதானத்தில் நின்றபடியே தூங்கிவிடுகிற ஒரு கோல்கீப்பரின் கதை. பந்து வரும், அவன் கொட்டாவி விடுவான். முக்கால் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் குதிரைவால் இரண்டு தடவை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"யாரும் சாக மாட்டாங்கல்ல?"

"சிரிச்சே சாகணும். வேற சாவு இதுல கிடையாது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள் முக்கால் அக்கா.

பதினான்கு நாள் முடிவதற்குள், ஒரு செவ்வாய்க்கிழமை, குதிரைவால் புத்தகத்தோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் பல்.

"சூப்பர்க்கா! எல்லாத்தையும் நான்தான் படிச்சேன். கடைசி அத்தியாயத்த மட்டும் அண்ணன் படிச்சான். புக்கைப் புடுங்கி வச்சுக்கிட்டு, படிச்சு முடிக்கற வரைக்கும் என் கையில குடுக்கவே இல்ல. அந்த கோல்கீப்பருக்கு நெஞ்சுலதான் கோளாறுன்னு கண்டுபுடிக்கிறாங்க, அதான் அவ்ளோ தூக்கம். அவனுக்கும் ஆபரேஷன்! திரும்பி வந்து ஃபைனல்ஸ்ல நிக்கிறான். பழக்க தோஷத்துல தூங்கி விழறான், விழுந்த இடத்துல பந்து! கோல் போகல! அண்ணனுக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன். எனக்கு இப்ப பயமே இல்லக்கா."

முக்கால் அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். முடிவு தெரிந்துவிட்டதே, இனி இந்தப் புத்தகத்தை ஜாக்கிரதையாகப் பரிந்துரைக்க வேண்டுமே என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் வாசிப்பு மேம்பாட்டுக் குழு கூடியது. குழுவின் தலைவர் தெருமுனையில் டியூஷன் சென்டர் நடத்துகிறவர். எல்லோருக்கும் டியூஷன் சார். இரண்டாவது மாடியின் காற்றோட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், இங்கே அறுபது நாற்காலி போடலாமே என்று அவருக்கு நாக்கில் நீர் ஊறும். பக்கத்தில் தலைமை நூலகர். அவர் கடைசியாக முழுசாகப் படித்தது தன்னுடைய பதவி உயர்வு ஆணையை.

"முடிவு என்னன்னு சொல்லாம ஒரு புத்தகத்தப் பிள்ளைங்க கையில எப்படிங்க குடுக்கறது?" என்றார் டியூஷன் சார். "மாத்திரையக்கூட தேதி பாத்துத்தானே வாங்கறோம்? கடைசியில என்ன நீதி வருதுன்னு பெத்தவங்களுக்கு முதல்லயே தெரியணும்."

தலைமை நூலகர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சனிக்கிழமை பரிந்துரைக் கூட்டம் என்று முடிவானது. புதிய நாவல்கள் ஐந்து, ஐந்தும் ஐந்து வகை. ஒவ்வொன்றின் கதையையும் முக்கால் அக்கா முழுசாக, முடிவோடும் நீதியோடும் மேடையில் சொல்ல வேண்டும். பட்டியலை அப்போதே அடித்து ஒட்டிவிட்டார்கள். ஐந்தாவது, கோல்கீப்பர்.

வேறு வழியில்லை. மதிய இடைவேளைகளில் சாப்பாட்டு டப்பாவை ஒதுக்கி வைத்துவிட்டு, பதினோரு வருஷத்துக்குப் பிறகு முக்கால் அக்கா கிளிப்பைக் கழற்றினாள். மணியைத் திருடியது தலைமை ஆசிரியரேதான். ஏனென்றால் அவருக்குச் சத்தம் ஆகாது. 'இதுக்கா நாலு பசங்க கூரை மேல ஏறினானுங்க?' என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. நான்காவது மாடியில் இருந்தது பேய் இல்லை, வாடகை ஒப்பந்தத் தகராறு. செவ்வாய்க் கிரகத்துக் கதை மொத்தமும் கனவாம். பல இடங்களில் அவள் மனசுக்குள் வைத்திருந்த முடிவே எழுதியவருடையதைவிட நன்றாக இருந்தது. இத்தனை வருஷம் படிக்காமல் இருந்ததில் பெரிய நஷ்டம் இல்லை என்று தேற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கோல்கீப்பரைப் பிரித்தாள். குதிரைவால் சொன்னதுதானே, ஒரு பார்வை பார்த்தால் போதும் என்றுதான் பிரித்தாள்.

ஆபரேஷன் உண்டு. அதற்குப் பிறகு கோல்கீப்பர் எழுந்திருக்கவில்லை. இறுதிப் போட்டியில் அவனுடைய கையுறைகளைக் கம்பத்தில் மாட்டிவிட்டு மற்றவர்கள் விளையாடுகிறார்கள். தூங்கி விழுந்து பந்தைத் தடுப்பதெல்லாம் அதில் எங்குமே இல்லை.

முக்கால் அக்கா பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பையன் இதைத் தங்கையின் முன்னால் பிரித்து வைத்துக்கொண்டு, கண் இந்த வரிகளில் ஓட, வாய் வேறொரு கதையைச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறான். குரல் ஒரு இடத்திலும் தடுமாறியிருக்காது. தடுமாறியிருந்தால் குதிரைவால் கண்டுபிடித்திருப்பாள். நெஞ்சைக் கிழிக்கப் போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிற பிள்ளை. அவன் கையில் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தது நான்தானே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சம் அழவும் செய்தாள். அழுது முடித்ததும் இன்னொன்று உறைத்தது. நாளைக்கு இந்த முடிவை மைக்கில் சொல்ல வேண்டும். திங்கட்கிழமைவரை குதிரைவால் காதில் அது விழக்கூடாது. அந்த ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டியது, குடும்பத்தில் யாருமே நம்பாத அவளுடைய வாய்.

சனிக்கிழமை காலையில் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். குதிரைவால் வந்து முதல் வரிசையிலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணன் போகாத போகாதன்னு ஒரே அடம்க்கா. நான் கேக்காம வந்துட்டேன்."

நான்கு நாவல்களை ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். நான்கிற்கும் டியூஷன் சார் நீதி எழுதிக்கொண்டார்: திருடாதே, வாடகை ஒப்பந்தத்தைப் பத்திரப்படுத்து, சீக்கிரம் எழுந்திரு, பேச்சைக் குறை. முக்கால் அக்கா ஐந்தாவதற்கு வந்தாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, அந்தப் பையன் சொன்ன முடிவை அப்படியே சொன்னாள். ஆபரேஷன், இறுதிப் போட்டி, தூக்கம், விழுந்த இடத்தில் பந்து. கூடம் சிரித்தது. குதிரைவால் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. சிஐடி. துப்பறியும் நாவல்களைக் கரைத்துக் குடித்த பையன். அச்சுப் பிழை இருந்தால்கூடப் பதிப்பகத்துக்குக் கடிதம் போடுவான்.

"அக்கா, தப்பு. எங்க வீட்ல இந்த புக் இருக்கு. கடைசில அவன் செ..."

"உக்காருடா!"

பதினோரு வருஷத்தில் அவள் ஒரு பிள்ளையை அதட்டியதில்லை. மைக் வேறு வாய்க்கு நேராக இருந்தது. சிஐடிக்கு முகம் சுண்டிவிட்டது. அவன் அவளுக்குச் செல்லப் பிள்ளை.

"எதுக்குங்க சத்தம்? புத்தகத்த எடுங்க, பாத்துடலாம்" என்றார் டியூஷன் சார்.

"பைண்டிங்குக்குப் போயிருக்கு சார்."

புத்தகம் அவள் உட்கார்ந்த நாற்காலியின் மெத்தைக்கு அடியில் இருந்தது.

குதிரைவால் எழுந்து திரும்பினாள். "டேய், எங்க அண்ணன் வரிவரியா படிச்சுக் காட்டினான். அக்கா சொன்னதுதான் சரி. நீ வேற ஏதோ புக்கப் படிச்சிருக்க!"

சிஐடி வாயைத் திறந்தான். முக்கால் அக்கா அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். கீழே அப்பா வண்டியின் ஹாரன் கேட்டதும் குதிரைவால் ஓடிப்போனாள்.

சிஐடி மானஸ்தன். மாலையே தன் புத்தகத்தோடு டியூஷன் சார் வீட்டுக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை பத்து மணிக்கு முக்கால் அக்காவின் மேஜையில் மெமோ இருந்தது. 'தாங்கள் பரிந்துரைக்கும் நூல்களைத் தாங்களே முழுமையாகப் படிப்பதில்லை எனத் தெரிய வருகிறது. விளக்கம் தரவும்.' பதினோரு வருஷம் அது உண்மையாக இருந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை கடைசி வரி வரைக்கும் படித்தாள், மாட்டிக்கொண்டாள்.

சொல்லிவிடலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் இங்கே சொன்னால் மதியத்துக்குள் மாடிப்படி வரைக்கும் போய்விடும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இந்நேரம் குதிரைவாலின் அண்ணனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். பேனாவை எடுத்து, 'படிக்கவில்லை. தவறுதான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பரிந்துரைக்கும் பொறுப்பு டியூஷன் சாருக்குப் போனது. இனி ஒவ்வொரு நாவலின் அட்டையிலும் முடிவும் நீதியும் அச்சடித்து ஒட்டப்படும். முக்கால் அக்காவுக்கு முத்திரை குத்துகிற வேலை மட்டும். வீட்டில், "என்னடி, ரெண்டு நாளா வாயே திறக்கல?" என்றார் வீட்டுக்காரர். பல்வலி என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஜன்னலோர நாற்காலி காலியாகவே கிடந்தது. முக்கால் அக்கா மூன்று புத்தகங்களில் தப்பான தேதியைக் குத்தினாள்.

புதன்கிழமை மாலை மாடிப்படியில் தடதடவென்று சத்தம். குதிரைவால் மூச்சு வாங்க வந்து கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"அண்ணன் நேத்து கண்ணு முழிச்சிட்டான்க்கா! நல்லா பேசறான். முழிச்சதும் முதல்ல என்ன கேட்டான் தெரியுமா? தண்ணி கேக்கல, அம்மாவக் கேக்கல. 'மீட்டிங்ல அந்த அக்கா என்ன முடிவு சொன்னாங்க?'ன்னு கேட்டான். லூசு. நீ படிச்ச அதே முடிவுதான்டா, தூங்கி விழுந்து பந்தைத் தடுத்தான்னு சொன்னாங்கன்னு சொன்னேன். உடனே அழ ஆரம்பிச்சிட்டான்க்கா. நர்ஸ் ஓடி வந்து அழக்கூடாதுன்னு திட்டற அளவுக்கு அழுதான். நல்ல முடிவுதானே? எதுக்குக்கா அழுதான்?"

முக்கால் அக்கா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"தெரியலம்மா" என்றாள்.