ஈரலில் இருந்த நோவு

சபையாரே, உட்கார்ந்தபடியே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நிற்க இன்னும் பலம் போதவில்லை.

பிஜித் தீவில் நம் சபேட்டோ ஊரில் கரும்பு வெட்டு தொடங்கின வாரம் எனக்கு வலது தோளில் வலி கண்டது. ஆற்றுத் தண்ணீர் சுமக்கிறவள், அதனால்தான் என்று நினைத்தோம். மாமியார் தினமும் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டார். வலி போகவில்லை. காய்ச்சல் சேர்ந்துகொண்டது. சோறு கசந்தது. மூன்றாம் வாரம் பாயோடு பாயாகிவிட்டேன்.

காய்ச்சலில் எல்லாம் மிதந்தது. மத்தியான வெயிலில் கரும்புத் தோட்டம் கடலாகி வாசல்வரை வந்து வந்து போகும். கரும்புப் பூவெல்லாம் வெள்ளை நுரை. செத்துப்போன என் மகள் அந்த நுரைமேல் நடந்து வருவாள். கூப்பிடமாட்டாள், சும்மா பார்ப்பாள். அவளோடு போய்விடலாம் போல இனிப்பாக இருக்கும். அந்த இனிப்புக்குத்தான் பயந்தேன்.

மகளைப் புதைத்த நாளிலிருந்து என் புருஷன் ஜெபிப்பதே இல்லை. அவரை எப்படித் தனியே விட்டுப் போவேன்? “ஆண்டவரே, எங்கே கோளாறு என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்தவர் யாரையாவது அனுப்பும்” என்று அழுதேன்.

மறுநாள் காலை, காலமில்லாத காலத்தில் மலையில் மழை. ஆறு பெருகி, அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய பிஜிக்கார டாக்டர் ஒருவர் குதிரையோடு எங்கள் வீட்டில் ஒதுங்கினார். என்னைப் பார்த்தார். தோளைத் தொடவே இல்லை. வலது விலாவுக்குக் கீழே ஒரு விரலால் அழுத்தினார். நான் அலறினேன். முன்பு சீதபேதி வந்ததா என்று எனக்கும் என் புருஷனுக்கும் புரிகிற இந்துஸ்தானியில் கேட்டார். வந்திருந்தது.

அவர் சொன்னதை என் புருஷன் மாமியாருக்குத் தமிழில் சொன்னார்: “இது தோள் வலி இல்லியாம், அம்மா. கெட்ட தண்ணியிலே வந்த பூச்சி குடல்லேருந்து ஈரலுக்குப் போயி சீழ் கட்டியிருக்காம். அந்த நோவுதான் தோள்லே தெரியுதாம். இன்னிக்கே ஆஸ்பத்திரி போவணுமாம்.”

வெள்ளம் இடுப்பளவுக்கு இறங்கினதும் டாக்டர் தன் குதிரையில் என்னை ஏற்றினார். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு என் புருஷன் ஆற்றில் இறங்கினார். நடு ஆற்றில் அவர் ஜெபிக்கிற சத்தம் கேட்டது. கனவென்றே நினைத்தேன்.

“என்ன சொல்றீங்க?” என்றேன்.

“ஒன்னோட பேசலே. பேசாம புடிச்சிக்க” என்றார். அழுதுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி, காப்பி நிறத்தில் ஒரு கிண்ணம் சீழ் எடுத்தார்கள். மருந்து ஊசியும் நாள்தோறும் போட்டார்கள். காய்ச்சல் விட்டது. விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே கரும்பு கரும்பாகவே இருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் கொதிக்காத தண்ணீர் யார் வாய்க்கும் போவதில்லை. ஞாயிறு தவறாமல் இருவரும் வருகிறோம். வைத்தியம் பார்த்த கைகளை நான் மறக்கவில்லை. அவற்றை என் வாசலில் நிறுத்தினவரை எப்படி மறப்பேன்?

உங்களில் யாருக்காவது உள்ளே நோவு இருந்து, அதற்குப் பேர் சொல்லத் தெரியாவிட்டால், தெரிந்த மட்டும் ஆண்டவரிடம் சொல்லுங்கள். மிச்சம் அவருக்குத் தெரியும்.