குப்பை கொட்டப் போன நேரத்தில் ஒரு போன்

மேல்மாடி அறையில் தங்கி வேலை செய்த இலங்கைப் பெண் ஒரு நாள் காலையில் இல்லை. அவள் செருப்பு மட்டும் படிக்கட்டில் கிடந்தது. அறையைக் கழுவி விடச் சொன்னார்கள். கழுவினேன்.

சபையில் எழுந்து நின்று பேச எனக்குக் கூச்சம். அஞ்சாவதுதான் படித்தேன். அதனால் எழுதித் தருகிறேன், அன்பானவர்களே. குவைத்தில் நான் வீட்டு வேலை செய்த காலம் அது. நம் பக்கம் செல்போன் வராத காலம்.

மறுநாள் மேடம் ஒரு போட்டோவைக் காட்டினார். என் மகள் எஸ்தர். விசா வந்துவிட்டது, வியாழக்கிழமை வருகிறாள், அந்த மேல்மாடி அறை அவளுக்குத்தான் என்றார்.

தப்பு என்னுடையது. மாதம் ஒரு தரம் மேடம் என்னைத் தெருமுனை டெலிபோனுக்குக் கூட்டிப் போய், கார்டில் ஊருக்குப் பேச விடுவார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. செய்யூர் மளிகைக் கடை நம்பர்தான். கடைக்காரர் ஆள் அனுப்பி எஸ்தரைக் கூப்பிடுவார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி போட வேண்டும். கடையில் நிற்கிற எல்லாரும் காது கொடுப்பார்கள். அந்த வெட்கத்தில், சூடு பட்ட கையால் போனைப் பிடித்துக்கொண்டே, "நல்லா கீறேன்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். அதை நம்பித்தான் அவளும் ஏஜென்டிடம் பாஸ்போர்ட் கொடுத்தாள்.

குளியலறையில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, ஒரு வழி." வேறு வார்த்தை வரவில்லை. அன்றைக்கே அந்த அறை மெத்தையை வெயிலில் போடத் தூக்கினேன். அடியில் ஒரு டெலிபோன் கார்டு. இன்னும் சுரண்டாத கார்டு.

புதன்கிழமை குப்பை கொட்டப் போகும்போது டெலிபோனுக்கு ஓடினேன். நகத்தால் சுரண்டி, மேடம் செய்ததைப் பார்த்த மாதிரியே நம்பர்களை அழுத்தினேன். கடைக்காரர்தான் எடுத்தார்.

"இன்னாக்கா, நல்லா கீறியா? ஒம் பொண்ணு இப்பத்தான் பொட்டியோட மெட்ராஸ் பஸ் ஏறிச்சு!"

கடையில் யாரோ சிரித்தார். "குவைத்து மகாராணியா? எனக்கு ஒரு சென்ட்டு பாட்டிலு அனுப்பச் சொல்லு!"

இந்தப் பக்கம் மேடம் வாசலில் நின்று என்னைக் கூப்பிடுவது கேட்டது. என் வாயைத் திறந்தது நான் இல்லை, கர்த்தர்.

"அண்ணாத்த, நான் நல்லா இல்ல. இஸ்திரிப் பொட்டியால சூடு வெக்கிறாங்க. இங்க ஒரு பொண்ணு காணாப் பூட்டா. எம் பொண்ண வுடாத அண்ணாத்த, பஸ்ஸ நிறுத்து..."

சிரிப்பு நின்றது. லைனும் நின்றது. ரெண்டு நிமிஷம்கூட வராத சின்னக் கார்டு, தீர்ந்துவிட்டது. கடைசி வார்த்தை அவர் காதில் விழுந்ததா, தெரியாது. அன்று இரவும் மறுநாள் பகலும் எனக்கு மரணப் பள்ளத்தாக்கு.

வியாழக்கிழமை மேடம் ஏர்போர்ட்டிலிருந்து தனியாகத் திரும்பினார். அன்று விழுந்த ஒவ்வொரு அடிக்கும் நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

கடைக்காரரும், சென்ட்டு கேட்டுச் சிரித்தவரும் ஒரே வண்டியில் துரத்திப் போய், கல்பாக்கம் வருமுன் பஸ்ஸை மறித்தார்களாம். அவர்களே ஊரைத் திரட்டி கலெக்டர் ஆபீசில் மனுவும் கொடுத்தார்கள். நாலாம் மாதம் நான் ஊர் வந்து சேர்ந்தேன்.

அந்த இலங்கைப் பெண் என்ன ஆனாள் என்று இன்றைக்கும் தெரியாது. தன் வீட்டுக்குப் பேச அவள் வைத்திருந்த கார்டு அது. தினமும் அவளுக்காக ஜெபிக்கிறேன்.

அன்பானவர்களே, நாலு பேர் கேட்பார்கள் என்று வாயை மூடாதீர்கள். தேவனிடத்திலும் "நல்லா கீறேன்" என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். லைன் அறுந்தாலும் அவர் கேட்பார்.