பிரவின்ராஜ் கேட்ட சம்மதம்

நர்சிங் மூன்றாம் ஆண்டில் பிரவின்ராஜுக்குப் பிரசவ வார்டில் நான்கு வாரம் பயிற்சி. அந்த நான்கு வாரமும் அவர் பிரசவ அறைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பிறப்புப் பதிவேடு எழுதினார். நாற்பது பேர் வகுப்பில் ஆண்கள் இரண்டே பேர். இரண்டு பேரையும் உள்ளே விடவில்லை. கடைசி நாளில், இருபது பிரசவங்களைப் பார்த்ததாக அவருடைய பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவர் ஒன்றுகூடப் பார்த்திருக்கவில்லை.

அப்பா லிங்கராஜ் சங்கரன்கோவிலிலிருந்து வந்து, திருவனந்தபுரத்தில் 'சாலை' என்ற கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையில் சுமை தூக்கியவர். மகன் நர்ஸ் ஆகிறான் என்று கேட்டுக் கடையில் சிலர் சிரித்தார்கள். பட்டம் வாங்கிய அன்று லிங்கராஜ் சிரித்தவர்களுக்கும் சேர்த்து லட்டு கொடுத்தார்.

பிரவின்ராஜுக்கு ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை. கை சுத்தமான நர்ஸ் என்று பெயர். ஊசி போட யாருக்கும் கிடைக்காத நரம்பு பிரவின்ராஜுக்குக் கிடைக்கும் என்பார்கள். 2016இல் மனைவி அனுஷாவுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு அனுஷா கேட்டாள்: "இது இப்படித்தான் இருக்குமா? சொல்லுங்க, நீங்க நர்ஸ்தானே?"

அவருக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் படித்தது ஒன்றும் வாயில் வரவில்லை. மகள் நல்லபடியாகப் பிறந்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு குழித்துறைப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போய், ஆறு வாரம் அங்கேயே தங்கிப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டார். பிறகு ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து, வார்டில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கினார்.

அந்தக் கல்லூரி மருத்துவமனையின் பிரசவ அறைப் பொறுப்பாளர் சரோஜம் சிஸ்டர். இருபத்தைந்து வருட அனுபவம். ஆண் மாணவர்களையும் உள்ளே அனுப்ப வேண்டும் என்று பிரவின்ராஜ் கேட்டதும் சரோஜம் மறுத்துத் தலையை ஆட்டி, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்:

"அது சரியாகாது, கேட்டோ. இவிட வர்றது பெண்ணுங்க."

"டாக்டர் ஆம்பிளையா இருந்தாலும் வர்றாரே, சிஸ்டர்."

"டாக்டர் வேற."

"அப்போ அவங்ககிட்டயே கேப்போம். வேண்டாம்னா வேண்டாம்."

சரோஜம் யோசித்தார். "ஒரு தடவை கேக்கலாம். ரெண்டாந்தடவை கேக்கப்படாது. நான் உள்ள இருப்பேன்."

முதல் வாரம் பதினோரு பெண்களிடம் கேட்டார்கள். பதினோரு பேரும் முடியாது என்றார்கள். ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிவிட்டு வெளியே வரவேண்டும், முகத்தைச் சுளிக்கக் கூடாது என்பது பிரவின்ராஜின் உத்தரவு. ஜிபின் என்ற மாணவன் சோர்ந்துபோனான். "விட்டுடலாம் சார். எப்படியும் சைன் கிட்டுமல்லோ?"

"என் கையால பொய் சைன் கிடையாது."

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது அனுஷா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "வலியில துடிக்கிறவகிட்ட ஃபைலைத் தூக்கிட்டுப் போய்க் கேட்டா யாரு சரின்னு சொல்வா? மொத அவங்களைத் தெரிஞ்சுக்கச் சொல்லுங்க."

"நீ வந்து சொல்றியா?"

சனிக்கிழமை அனுஷா வந்தாள். வகுப்பில் இருந்த ஏழு பையன்கள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, தன் பிரசவத்தை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். எங்கே வலித்தது, எப்போது பயந்தாள், என்ன கேட்டாள். "பத்து மணி நேரத்துல ஒருத்தர்கூட என் பேரச் சொல்லிக் கூப்பிடல" என்றாள். பையன்கள் தலை குனிந்து எழுதிக்கொண்டார்கள். பிறகு பிரவின்ராஜ் தானே மேசையில் கவிழ்ந்து படுத்து, இடுப்பில் எந்த இடத்தில் அழுத்தினால் வலி இளகும் என்று ஒவ்வொருவரையும் அழுத்திப் பார்க்கவைத்தார். "இன்னும் கீழ. விரலால இல்ல, உள்ளங்கையால" என்று அனுஷா திருத்தினாள்.

அதற்குப் பிறகு பிரவின்ராஜ் சம்மதம் கேட்கும் இடத்தை மாற்றினார். கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் நாட்களில் மாணவர்கள் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், பெயர் சொல்லிப் பேசினார்கள், பிரசவ நேரத்தில் கூட இருக்கலாமா என்று அங்கேயே கேட்டார்கள். எட்டாம் மாத முதுகுவலியோடு வந்த நாச்சியாருக்கு எப்படிச் சாய்ந்து உட்காரலாம் என்று சுதீஷ் என்ற மாணவன் காட்டிக்கொடுத்தான். அவள் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் சாமான் கட்டிக் கொடுக்கிறவள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாச்சியார் வலியோடு வந்தாள். கட்டிலில் ஏறியதும் கேட்டாள்: "அந்தச் சுதீஷு தம்பி எங்கே? அவனை வரச் சொல்லுங்க. எம் முதுகு போவுது!"

கூட வந்த மாமியார் வாயைத் திறந்தாள். "நீங்க சும்மா இருங்க அத்தை. முதுகு என்னுது" என்றாள் நாச்சியார்.

நான்கு மணி நேரம் சுதீஷ் அவள் இடுப்பை அழுத்திக்கொண்டே நின்றான். "நாச்சியார் சேச்சி, இவிடயா? இன்னும் கீழயா?" வலி வந்து போகும் இடைவெளியில் குழந்தையின் துடிப்பைக் கேட்டு எழுதினான். தலை தெரிந்ததும் சரோஜம் சிஸ்டர் திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டார்: "சுதீஷே, கையுறை மாத்திட்டு வா. என் கைமேல உன் கைய வை."

ஒன்றே கால் மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழுகுரல் வராந்தா வரை கேட்டது. கதவருகே நின்ற பிரவின்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரோஜம் அதைப் பார்த்துவிட்டு, "என்ன பிரவினே, ஆசிரியர் இங்ஙனே அழுதா பிள்ளைங்க என்ன படிக்கும்?" என்றார்.

சேதி பரிசோதனை வரிசையில் நின்ற பெண்கள் வழியே பரவியது. முடியாது என்றவர்கள் அப்போதும் இருந்தார்கள்; சரி என்றவர்களும் வந்தார்கள். பயிற்சி முடிந்தபோது ஏழு பையன்களின் புத்தகத்திலும் இருந்த ஒவ்வொரு வரியும் உண்மை. விட்டுவிடலாம் என்ற ஜிபின் இன்று கொல்லத்தில் ஒரு பிரசவ அறையில் நர்ஸ்.

போன மாதம் கல்லூரி இந்த முறையை எல்லா வகுப்புக்கும் விதியாக்கியது. பொறுப்பைப் பிரவின்ராஜிடம் கொடுத்தது. அன்று மாலை அவரும் அனுஷாவும் மகளோடு பழவங்காடி கணபதி கோவிலுக்குத் தேங்காய் உடைக்கப் போனார்கள். கடையில் அவர் ஒரு தேங்காய் கேட்டார்.

"ரெண்டு குடுங்க" என்றாள் அனுஷா. "நானும் கிளாஸ் எடுத்திருக்கேன்."