அப்பாவிடம் புகை இலை

'தீய பழக்கத்தை வெல்வது மன உறுதியே' என்னும் அணியில் நின்று தமிழ்ச் சங்கத்தின் சொற்போர்ப் போட்டியில் பேசினேன். தோல்வி அறியாத நாவு என்ற செருக்கு எனக்கு உண்டு. சான்று தேடி வெளியே அலையவில்லை. முன்வரிசையில் இருந்த அப்பாவையே கைகாட்டினேன். பாலாநகர் ஆலையில் மின்னணுக் கருவிகளைச் சோதிக்கும் அவர், இருபதாண்டுப் புகைப்பழக்கத்தை எந்தத் துணையுமின்றி உதறியவர் என்றேன்.

"புகையிலை என்பதைப் பிரியுங்கள்: புகை, இலை. செய்யுளில் 'இலை' என்றால் 'இல்லை'. என் தந்தையிடம் இன்று புகை இலை."

அரங்கம் கைதட்டியது. அப்பாவின் தாடை மட்டும் மெல்லுவதை நிறுத்தியது.

திரும்பும் வழியில், அமீர்பேட்டில் மெட்ரோ மாறுவதற்கு முன் அவர் கீழே இறங்கி ஒரு பான் கடைக்குச் சென்றார். கடைக்காரர் சிகரெட் பெட்டியைத் தொட்டுக்காட்டி, இது வேண்டாமா என்று உருதுவில் கேட்டுச் சிரித்தார்.

"யே நக்கோ கியா, சாப்?"

"நக்கோ பாய். கம் தேவ்," என்று சூயிங்கம் கேட்டார் அப்பா.

சிகரெட் இருந்த தட்டிலிருந்தே ஒரு சிறிய அட்டை வந்தது. இரண்டாண்டுகளாக அவர் மெல்லுவது வெறும் புதினா கம் என்றே நம்பியிருந்தேன். அட்டையின் பின்புறத்தில் நிக்கோடின் என்று அச்சிட்டிருந்தது.

"விட்டுட்டேன்னு சொன்னீங்களேப்பா."

"எப்பல சொன்னேன்? சிகரெட் பிடிக்கதில்லன்னுதான் சொன்னேன். நீதான் அப்பனக் கூண்டுல ஏத்திக் கைதட்டு வாங்கிட்ட."

"டாக்டர் குடுத்ததா?"

"அவரு மூணு மாசம்னாரு. ரெண்டு வருசம் ஆயிட்டு."

படியேறும்போது எனக்குள் எதுவும் ஒழுங்காக நிற்கவில்லை. சிலேடை உண்மையாக இருந்தது, வாதம் பொய்யாகியிருந்தது. அவர் வென்றவரா, வேறொன்றிடம் பிடிபட்டவரா? மாற்று வழியே வெல்லும் என்ற எதிரணிக்கு அவர் சான்றா? அதற்கும் முழுமையாகப் பொருந்தவில்லை. அடுத்த ஞாயிறு இறுதிச் சுற்று, அதே உரை.

"உங்களப் பேச்சுலருந்து எடுத்துரட்டுமா?"

"எடுக்காத." குரல் இறங்கியது. "ஆனா, விட்டார்னு சொல்லாத."

"விடுகிறார்னு சொல்லலாமா?"

அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"வேண்டாம்ல. நீ அத மேடையில சொல்லிட்டா, நான் செய்யணும்லா."

ரயில் வந்தது. அவரை எழுவாயாக வைத்துத் தொடங்கிய அந்த வாக்கியத்துக்கு என்ன வினைமுற்று போடுவதென்று, பாலாநகர் வரை நின்றபடியே தேடினேன். கிடைக்கவில்லை.